ட்ரீட்மென்ட் முடிச்ச பையன் காலேஜுக்கு திரும்ப வரான், டிசி குடுத்துடலாம்னு சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

அட்வைசர்_கோவை

வணக்கம்ங்க. கோவை பக்கம் ஒரு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல வேலை பாக்குறேன், செகண்ட் இயர் ஒரு செக்‌ஷனுக்கு கிளாஸ் அட்வைசர். என் கிளாஸ் பையன் ஒருத்தன், டாப்பர் எல்லாம் கிடையாது, சுமாரா படிச்சு அரியர் ஒண்ணு ரெண்டோட ஓட்டிட்டு இருந்தவன், ஹாஸ்டல விட்டு வெளிய ரூம் எடுத்ததுக்கு அப்புறம் வலி மாத்திரைய கரைச்சு ஊசியில ஏத்திக்கிற வரைக்கும் போயிட்டான். மார்ச்ல வீட்டுக்கு தெரிஞ்சு ட்ரீட்மென்ட்ல சேத்தாங்க. இப்ப முடிச்சு வந்துட்டான். அவங்கப்பா போன் பண்ணி "சார், பையன் மறுபடி வரலாமுங்களா"ன்னு கேக்குறாரு, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

மேனேஜ்மென்ட்ல "எதுக்கு வம்பு, டிசிய குடுத்து அனுப்பிருங்க, கான்டக்ட்ல குட்னே போட்டுக்கலாம்"ங்கிறாங்க. அத எப்படியோ பேசி நிறுத்துனாலும் இன்னொரு சிக்கல் இருக்கு. நாலாவது செம்ல அவனுக்கு அட்டெண்டன்ஸ் 65-க்கும் கீழ. 65-ல இருந்து 75-க்குள்ள இருந்தா மெடிக்கல் சர்டிபிகேட் வெச்சு கண்டோனேஷன் (அட்டெண்டன்ஸ் குறைவுக்கு விலக்கு) கட்டி எழுத வெச்சிருப்போம், அதுக்கும் கீழ போனதால செம்ம திரும்ப படிக்கணும், அது ஜூனியர் பேட்சோட ஜனவரிலதான் வருது. ஆக இப்ப இருந்து ஜனவரி வரைக்கும் பையன் வீட்ல சும்மா உக்காந்திருக்கணும். இந்த ஆறேழு மாசத்த நெனச்சாதான் எனக்கு பக்குங்குது. யாராவது இதுல அனுபவம் இருந்தா சொல்லுங்க.

மதுர_மாஜி_வார்டன்

சார் தப்பா எடுத்துக்கிறாதீக. நான் ஹாஸ்டல் வார்டனா ரொம்ப வருசம் இருந்தவன். ஒருத்தன பாவம்னு உள்ள விட்டா அந்த விங்கே கெட்டுப்போகும், இது நான் கண்ணால பாத்தது. பெத்தவங்க நம்மள நம்பி ஃபீஸ் கட்டி விட்டுட்டு போறாங்க, அந்த மத்த எழுநூறு பசங்களுக்கு யாரு பதில் சொல்றது? 2024 ஆகஸ்ட் கடைசியில சென்னை பக்கம் பொத்தேரில மாணவர்கள் தங்குற அடுக்குமாடிக்குள்ள ஆயிரம் போலீஸ் இறங்கி ரூம் ரூமா தேடுனாங்களே, நெலம அங்க வரைக்கும் போனதுக்கு காரணமே காலேஜ்காரங்க கண்டும் காணாம விட்டதுதான். டிசி குடுத்து அனுப்புங்க, அவன் வேற ஊர்ல புதுசா ஆரம்பிக்கட்டும், அவனுக்கும் அதுதான் நல்லது.

மாடிரூம்_பையன்

வார்டன் சாருக்கு: டிசி குடுத்து அனுப்புனா விங் சுத்தமாயிரும்னு நெனைக்கிறீங்க. எங்க ஹாஸ்டல்ல போன வருஷம் ஒரு சீனியருக்கு அப்படித்தான் குடுத்தாங்க, அதுல நாங்க எல்லாரும் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், எவனுக்கு என்ன ஆனாலும் வாய தொறக்கக் கூடாது. அதுக்கப்புறம் ஒரு நாள் ராத்திரி ஒருத்தன் பேச்சு மூச்சில்லாம கெடந்தான், ரூம்ல இருந்தவனுங்க ஆம்புலன்ஸ் கூப்புடாம பாத்ரூம்ல தூக்கிட்டு போய் தலையில தண்ணி ஊத்திட்டு இருந்தானுங்க, வார்டனுக்கு தெரிஞ்சா நாலு பேருக்கும் டிசின்னு பயம். பொழச்சுக்கிட்டான், அது அவன் நேரம்.

அப்புறம் ஜூன் 26, போதை ஒழிப்பு தினம் வந்தா ரேலி, உறுதிமொழி, பேனர், செல்ஃபி பாயிண்ட். பேனர் புடிச்சுட்டு முன்னாடி நிக்கிறவன் பாக்கெட்லயே கூல் லிப் புகையிலை பொட்டலம் இருக்கும். போட்டோ எடுத்து இன்ஸ்டால போட்டு முடிச்சதோட காலேஜுக்கு கடமை முடிஞ்சுது.

சோசியல்ஒர்க்கர்_ரேவு

நான் சைக்யாட்ரிக் சோசியல் ஒர்க்கர், டி-அடிக்‌ஷன் வார்டுலதான் வேலை. அட்வைசர் சார், மொதல்ல ஒண்ண தெளிவு பண்ணிக்கங்க. "ட்ரீட்மென்ட் முடிச்சு வந்துட்டான்"னு எழுதியிருக்கீங்க. எத்தன நாள் இருந்தான், இப்ப மருந்து என்ன எடுக்குறான்னு அப்பாகிட்ட கேளுங்க. நெறைய பேர் டீடாக்ஸ, அதாவது உடம்புல இருந்து போதைய எறக்குறத முடிச்சதையே ட்ரீட்மென்ட் முடிஞ்சதா நெனச்சுக்கிறாங்க. வலி மாத்திரைய நிறுத்துனா மூக்கு ஒழுகும், கை கால் முறிச்சு எடுக்கும், வயிறு போகும், தூக்கம் வராது, இந்த பெரிய அவதி ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிரும். தூக்கமும் மனசும் சரியாக மாசக்கணக்கு ஆகும். அந்த மாசக்கணக்குதான் நெசமான ட்ரீட்மென்ட், அதுதான் இப்ப உங்க கையில வந்து நிக்குது.

ரொம்ப முக்கியமானது: இப்ப அவன் உடம்பு பழைய அளவ தாங்காது. விட்டுட்டு இருந்து மறுபடி ஒரே ஒரு தடவ பழைய அளவுல போட்டா மூச்சு நின்னு செத்துப்போறவங்க இருக்காங்க. போதையில மூழ்கி இருந்த நாள விட வெளிய வந்த மொத சில மாசம்தான் உயிருக்கு ஆபத்து ஜாஸ்தி. டிசி குடுத்து வேற ஊருக்கு, யாரையுமே தெரியாத ரூமுக்கு அனுப்புறது இந்த நேரத்துலதான்னு வார்டன் ஐயா கொஞ்சம் யோசிக்கணும்.

இன்னொண்ணு, ஊசி போட்டிருக்கான்ல. நம்பிக்கை மையத்துல எச்.ஐ.வி டெஸ்ட், கூடவே ஹெபடைடிஸ் பி, சி ரெண்டும் எடுத்தாங்களான்னு கேளுங்க. எல்லா கவர்மென்ட் பெரிய ஆஸ்பத்திரிலயும் நம்பிக்கை மையம் இருக்கு, பேர் வெளிய போகாது. ஹெபடைடிஸ் சி வந்திருந்தாக்கூட இப்ப பெரும்பாலும் மூணு மாசம் மாத்திரையில குணமாகுற வியாதி, அரசாங்க திட்டத்துலயே இலவசமா குடுக்குறாங்க. இது தெரியாம பயந்துட்டு டெஸ்ட்டே எடுக்காம இருக்குறவங்க எக்கச்சக்கம்.

திரும்பி_வந்தவன்

ரொம்ப நாளா இந்த தளத்த படிக்க மட்டும்தான் செய்வேன், இதுக்காக லாகின் பண்ணேன். நானும் அதே மாத்திரைதான், ஃபைனல் இயர்ல ட்ரீட்மென்ட், ஒரு வருஷம் பிரேக் எடுத்து திரும்ப போய் டிகிரி முடிச்சேன். இப்ப வேலைல இருக்கேன்.

சார் கேக்குற அந்த சும்மா இருக்குற ஆறு மாசம், அதுதான் கொடும. வீட்ல எல்லாரும் நம்மளயே பாப்பாங்க. பாத்ரூம்ல அஞ்சு நிமிஷம் சேத்து இருந்தா அம்மா கதவ தட்டுவாங்க. பழைய ஃப்ரெண்ட்ஸ்கூட பேசக்கூடாது, புது ஃப்ரெண்ட்ஸ் இல்ல, கிளாஸ் பசங்க எல்லாம் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் ஸ்டேட்டஸ் போடுவானுங்க. எனக்கு அப்ப உதவுனது எங்க மாமாவோட லேத் பட்டறைதான். காலைல எட்டரைக்கு போகணும், போகலைன்னா மாமா போன் பண்ணுவாரு, அவ்வளவுதான். தத்துவம் பேசல, "எப்படிப்பா இருக்க"ன்னு பாவமா கேக்கல, இந்த ஷாஃப்ட்ட பிடி, அந்த கூலன்ட்ட ஊத்துன்னு வேலை வாங்குனாரு. சம்பளத்த என் கையில குடுக்காம அம்மா அக்கவுண்ட்ல போட்டாரு, அதுக்கு நான் தான் சொன்னேன். கையில காசு, ராத்திரி தூக்கம் வராது, இது ரெண்டும் ஒரே நாள்ல வந்தா எனக்கு என்மேலயே நம்பிக்க இல்லாத காலம் அது.

திரும்ப காலேஜ் போனப்ப யாருமே சொல்லித்தராத விஷயங்கள் இருக்கு. உதாரணத்துக்கு என்.எஸ்.எஸ் ரத்ததான முகாம். கிளாஸே போகும், "டேய் உனக்கு ஓ பாசிட்டிவ்தானே வாடா"ன்னு இழுப்பானுங்க. ஊசி போட்டவங்க ரத்தம் குடுக்கவே கூடாது, அது ரூல். ஆனா அத விட, அந்த ஹாலுக்குள்ள நொழஞ்சதுமே ஸ்பிரிட் வாசனையும் பஞ்சும் கையில கட்டுற ரப்பரும், எனக்கு உள்ளங்கை வேர்த்து ஊத்திருச்சு, அப்படியே திரும்பி கேன்டீனுக்கு போயிட்டேன். எங்க மேடம் ஒருத்தருக்கு மட்டும் விஷயம் தெரியும், அவங்க அடுத்த வருஷம் முகாம் அன்னிக்கு எனக்கு லேப்ல ஒரு வேலைய குடுத்து ஓ.டி (ஆன் டியூட்டி) போட்டுட்டாங்க. ஒண்ணுமே பேசல அதப்பத்தி. சார், இந்த மாதிரி ஒரு ஆளா நீங்க இருந்தா போதும்.

ஒரு_அம்மா_திருப்பூர்

தம்பி நீ எழுதுனத படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதுட்டு இருந்தேன், நல்லா இருப்பா. என் பையனுக்கு கஞ்சாவும் தூக்க மாத்திரையும். நாங்க பண்ணுன கொடும என்னன்னா அவசரத்துல யாரோ சொன்னாங்கன்னு ஊருக்கு வெளிய ஒரு மறுவாழ்வு மையத்துல கொண்டு போய் விட்டோம், ராத்திரி வண்டில நாலு பேர் வந்து தூக்கிட்டு போனாங்க, மூணு மாசத்துக்கு பாக்கக்கூடாதுன்னுட்டாங்க. திரும்பி வந்தப்ப கால்ல கட்டுன தழும்பு. டாக்டர்னு ஒருத்தரு அங்க இல்லவே இல்லையாம். பையன் இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரர்கூட முகம் குடுத்து பேசறதில்ல. அட்வைசர் சார் அந்த பையன் எங்க இருந்துட்டு வந்தான்னு கொஞ்சம் கேளுங்க சார், அவன் மனசுல என்ன இருக்கோ.

வக்கீல்_ஈரோடு

அம்மா, கட்டி வெக்கிறது 2017 மனநல பராமரிப்பு சட்டம் பிரிவு 95-படி அப்பட்டமா தடை. போதை சம்பந்தப்பட்ட மனநிலை பாதிப்பும் அந்த சட்டத்துக்குள்ளதான் வருது. அப்படி ஒரு மையம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். சேக்குறதுக்கு முன்னாடி பதிவு சான்று காட்டுங்கன்னு கேளுங்க, மனநல டாக்டர் எந்த கிழமை வராருன்னு கேளுங்க, வீட்டு ஆளுங்க வந்து பாக்கலாமான்னு கேளுங்க, மூணுல ஒண்ணுக்கு மழுப்புனாலும் வண்டிய திருப்பிருங்க. 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடில மனநல காப்பகம் தீப்பிடிச்சப்ப 28 பேர் சங்கிலியோட செத்தாங்க, அதுக்கப்புறமும் நமக்கு புத்தி வரலைன்னா எப்படி.

அட்வைசருக்கு ரெண்டு விஷயம். போதைப்பொருள் தடுப்புக்கான என்.டி.பி.எஸ் சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, காலேஜ்காரங்க யாருக்கும் தெரியாது. பயன்படுத்துனதுக்காகவோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ மாட்டுனவன், அரசு நடத்துற இல்ல அங்கீகரிச்ச இடத்துல தானா முன்வந்து சிகிச்சை எடுத்தா அவன் மேல வழக்கு நடத்துறதுல இருந்து விலக்கு கேக்கலாம், சிகிச்சைய பாதில விட்டா விலக்கு போயிரும். சட்டமே சிகிச்சைக்கு ஒரு கதவ திறந்து வெச்சிருக்கு, காலேஜ் ரூல் புக்லதான் அந்த கதவே இல்ல.

ரெண்டாவது, ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேக்குறேன்னு சொல்லி கேஸ் ஷீட் கொண்டா, டிஸ்சார்ஜ் சம்மரி கொண்டான்னு ஆபீஸ்ல நச்சரிப்பாங்க. அதே 2017 சட்டம் பிரிவு 23, ரகசியம் காக்குற உரிமை. படிக்க தகுதியா இருக்காருன்னு டாக்டர் ஒரு வரி எழுதுனா போதும். அது ஆபீஸ் கிளார்க் டேபிள்ல திறந்து கெடக்காம கவர்ல போட்டு பிரின்சிபால் கைக்கு போகணும்.

மதுர_மாஜி_வார்டன்

வக்கீல் சார், அப்ப விக்கிறவனுக்கும் இதே கதவ தொறந்து விடுவீகளா?

வக்கீல்_ஈரோடு

இல்லைங்க. விக்கிறவனுக்கு 64ஏ கெடையாது. ஆனா நடைமுறைல ஒரு சங்கடம் இருக்கு, அத மறைக்க விரும்பல. காலேஜ்ல முக்கால்வாசி பேர் கூட்டா காசு போட்டு ஒருத்தன் போய் வாங்கிட்டு வருவான். அந்த வாங்கிட்டு வர்றவன் வியாபாரியா, இல்ல அவனும் நோயாளியா? போலீஸ் கேஸ்ல அவன்தான் மொதல்ல சிக்குவான். இதுக்கு என்கிட்ட ஒரு வரி பதில் கிடையாது. காசு சம்பாதிச்சானா, ஜூனியருக்கு பழக்கிவிட்டானா, இத ரெண்டையும் வெச்சுத்தான் நான் பாப்பேன்.

மட்டுறுத்துநர்

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்த மாத்திரை, எவ்வளவு, எப்படி, எந்த கடைன்னு யாரும் எழுத வேண்டாம், ஏற்கெனவே ரெண்டு பதிவ நீக்கியிருக்கேன். எந்த காலேஜ் எந்த மையம்னு பேரும் போடாதீங்க. விக்கிற இடம் பத்தி புகார் சொல்லணும்னா 10581-ல சொல்லுங்க.

அட்வைசர்_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அம்மா சொன்னதுக்கு அப்புறம் விசாரிச்சேன், பையன் இருந்தது கவர்மென்ட் ஆஸ்பத்திரி வார்டுதானாம், பயப்பட ஒண்ணுமில்ல. தெனமும் காலைல ஒரு மாத்திரை, அப்பா கண்ணு முன்னாடி போடுறானாம்.

பிரின்சிபால்கிட்ட இன்னிக்கு பேசுனேன். மனுசன் கெட்டவரு இல்லைங்க. கேட்டுட்டு கடைசில "சரி, வெச்சுக்கலாம், ஆனா ரெண்டு கண்டிஷன்"னாரு. ஒண்ணு, மாசாமாசம் யூரின் டெஸ்ட். ரெண்டு, ஜூன் 26 அன்னிக்கு அவன மேடை ஏத்தி "நான் எப்படி மீண்டேன்"னு மத்த பசங்களுக்கு பேச வைக்கணும், நல்ல விழிப்புணர்வா இருக்கும்ங்கிறாரு. எனக்கு ரெண்டுமே உறுத்துது, ஆனா எதிர்த்து பேச காரணம் வேணும்.

திரும்பி_வந்தவன்

மேடை வேணாம் சார். கையெடுத்து கும்பிட்டு சொல்றேன் வேணாம். கைதட்டுவாங்க, அன்னிக்கு ராத்திரி அவன் பேரு எல்லா டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்லயும் இருக்கும், இன்டர்வியூ வர்ற ஹெச்.ஆர் வரைக்கும் போகும். அதுக்கப்புறம் நாலு பசங்க வந்து "அண்ணா எங்க கெடைக்கும்"னு அவன்கிட்டயே கேப்பானுங்க, சிரிக்காதீங்க, எனக்கு தெரிஞ்ச ஒருத்தனுக்கு நடந்துச்சு.

சோசியல்ஒர்க்கர்_ரேவு

மேடைக்கு எதிரா உங்களுக்கு காரணம் வேணும்னா நான் தரேன். ஐ.நா.வோட போதை தடுப்பு அலுவலகம், யு.என்.ஓ.டி.சி, எது வேலை செய்யுது எது செய்யலைன்னு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள அலசி தடுப்பு தரநிலைகள்னு 2013-ல வெளியிட்டாங்க, 2018-ல புதுப்பிச்சாங்க. அதுல வேலை செய்யாதுன்னு சொல்ற லிஸ்ட்ட பாத்தா நம்ம காலேஜ் ப்ரோக்ராம் நிரல் மாதிரியே இருக்கும்: பயமுறுத்துற படம், ஒரே நாள் லெக்சர், முன்னாள் அடிமைய வெச்சு சாட்சி சொல்ல வைக்கிறது. அமெரிக்காவுல போலீஸ்காரங்க வகுப்புக்கு வந்து பாடம் எடுக்குற டேர்னு ஒரு திட்டம் 1983-ல ஆரம்பிச்சு நாடு பூரா பரவுச்சு, ஆய்வு மேல ஆய்வு பண்ணி பாத்தும் பசங்க பழக்கத்துல சொல்லிக்கிற அளவுக்கு மாத்தம் இல்ல.

இன்னொரு மோசமான பின்விளைவு, தெனம் தெனம் "மாணவர்கள் மத்தியில் போதை தலைவிரித்தாடுது"ன்னு சொல்லச் சொல்ல, போடாத பையனுக்கும் "எல்லாரும் போடுறாங்க போல, நான் மட்டும்தான் பழம்"னு தோண ஆரம்பிக்கும். நெசம் என்னன்னா எய்ம்ஸ் மையம் பண்ணி 2019-ல வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்புல 10-லிருந்து 75 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல கஞ்சா வகையறா எடுத்தவங்க 2.8 சதவீதம். மது 14.6. காலேஜ் வயசுல இத விட கூடுதல்னே வெச்சாலும் "எல்லாரும்"ங்கிறது பொய். இந்த பொய்ய உடைக்கிறதுதான் தடுப்பு வேலைல பாதி. அதுக்கு மேடை வேணாம், ஃபர்ஸ்ட் இயர்ல சின்ன சின்ன குரூப்பா உக்காத்தி, ரூம்மேட் நீட்டுனா எப்படி வேணாம்னு சொல்றது, செமஸ்டர் டென்ஷன்ல தூக்கம் வரலைன்னா என்ன பண்றதுன்னு பல வாரம் பேசணும். போரடிக்கும், போட்டோவுக்கு நல்லா இருக்காது, அதனாலதான் யாரும் பண்றதில்ல.

யூரின் டெஸ்ட் விஷயம். ஸ்ட்ரிப் டெஸ்ட் எல்லா மருந்தையும் காட்டாது, காட்டுறதுலயும் சிலது விட்டு பல வாரம் கழிச்சும் பாசிட்டிவ் வரும். விவரம் தெரியாத ஆள் அத வெச்சுக்கிட்டு தீர்ப்பு எழுதக்கூடாது. எங்க கிளினிக்லயும் டெஸ்ட் எடுக்குறோம், ஆனா அது டாக்டருக்கும் அவனுக்கும் நடுவுல, பாசிட்டிவ்னா மருந்த மாத்துவோம், அவன தொரத்த மாட்டோம். அதே டெஸ்ட் டிசிப்ளின் கமிட்டி கையில போனா பையன் டாக்டர்கிட்டயும் பொய் சொல்ல ஆரம்பிப்பான். ஃபாலோ அப்புக்கு ஒழுங்கா வரான்னு ஆஸ்பத்திரில ஒரு அட்டை தருவாங்க, அத மாசாமாசம் காட்டச் சொல்லுங்க, பிரின்சிபாலுக்கு அது போதும்.

ஜெர்சி_மாம்ஸ்

நான் நியூ ஜெர்சில இருக்கேன், என் பொண்ணு இங்க ரட்கர்ஸ் யுனிவர்சிட்டில படிச்சா, அதனால தெரியும். அங்க 1988-லயே குடி போதைல இருந்து மீள்ற ஸ்டூடண்ட்ஸுக்குன்னு தனி ஹாஸ்டல் ஆரம்பிச்சுட்டாங்க. கூடவே கவுன்சலர், மீட்டிங், பாட்டில் இல்லாத பார்ட்டி எல்லாம் உண்டு. இத அப்படியே காப்பி அடிங்கன்னு சொல்ல வரல, இங்க ஃபீஸ் வாங்குற வாங்குக்கு பண்றாங்க. ஆனா நம்ம ஊர் காலேஜ்ல இது எதுக்குமே புது பில்டிங் வேணாமே. வெளி ரூமுக்கு திருப்பி அனுப்பாம ஹாஸ்டல்ல ஒரு ரூம், குடிக்காத ரெண்டு பசங்களோட. அவ்வளவுதான் செலவு.

மாடிரூம்_பையன்

குடிக்காத ரெண்டு பசங்கன்னு சொன்னீங்கல்ல அண்ணா, அதுல ஒரு காமெடி இருக்கு. கஞ்சா, மாத்திரைன்னா டிசி. பீர் பாட்டில் புடிச்சா வார்டன் அம்பது தோப்புக்கரணம் போட வெச்சுட்டு "வயசுடா"ன்னு சிரிச்சுட்டு போயிருவாரு. டாஸ்மாக்ல 21 வயசுக்கு கீழ குடுக்கக்கூடாதுன்னு போர்டு இருக்கும், செகண்ட் இயர் பசங்க க்யூல நிப்போம்.

திரும்பி_வந்தவன்

கரெக்ட் தம்பி. என்கூட வார்டுல இருந்தவன் திரும்ப விழுந்தது மாத்திரைல இருந்து இல்ல, ஃபேர்வெல்ல ஒரு பீர்ல இருந்துதான். "இது ஒண்ணும் அது இல்லையேடா"ன்னு ஆரம்பிக்கும். ரெண்டு பீர் உள்ள போனா வேணாம்னு சொல்ற ஆள் மனசுல தூங்கிருவான், பழைய நம்பர் தானா ஞாபகம் வரும்.

ஒரு_அம்மா_திருப்பூர்

வீட்டுல இருக்கறவங்களுக்கும் ஏதாவது இருக்குதாங்களா? பையனுக்கு டாக்டர் இருக்காரு, எனக்கு யாரு இருக்கா. ராத்திரி அவன் ரூம் லைட் எரிஞ்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது.

சோசியல்ஒர்க்கர்_ரேவு

இருக்கும்மா. குடிய விட நெனைக்கிறவங்க கூடி பேசுற ஏ.ஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மாதிரி, அவங்க வீட்டு ஆளுங்களுக்குன்னே அல்-அனான்னு கூட்டம் உண்டு, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது, பேர்கூட முழுசா சொல்ல வேண்டியதில்ல. சென்னையில சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-ல ஆரம்பிச்ச டிடிகே ஆஸ்பத்திரி பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, தன் வீட்டுக்காரர குடிக்கு பறி குடுத்தவங்க அவங்க, அங்க ஆரம்பத்துல இருந்தே குடும்பத்துக்கும் சேத்துத்தான் ட்ரீட்மென்ட். இப்போதைக்கு போன்ல பேசணும்னா 14416, டெலி மனஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பாங்க, நீங்க உங்களுக்காகவே பேசலாம், பையன பத்தி மட்டும் இல்ல. போதை சம்பந்தமா மட்டும்னா 14446.

லைட் எரிஞ்சா கதவ தட்டாதீங்கம்மா. காலைல டீ குடிக்கறப்ப "தூக்கம் வரலையாப்பா"ன்னு மட்டும் கேளுங்க.

மதுர_மாஜி_வார்டன்

எல்லாத்தையும் படிச்சேன். என் கருத்து முழுசா மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், இன்னமும் சொல்றேன், அவன ஃபர்ஸ்ட் இயர் பசங்க விங்ல போடாதீக. ஆனா சார், ஒரு வழி தோணுது. எங்க காலத்துல பசங்ககிட்ட எழுதி வாங்குவோம், மன்னிப்பு கடுதாசி. அதுக்கு பதிலா ரெண்டு பக்கமும் எழுதுங்க. அவன் என்ன செய்வான், காலேஜ் என்ன செய்யும், திரும்ப வழுக்குனா மொதல்ல யாருக்கு போன், எத்தன நாள் லீவு, அடுத்தவனுக்கு குடுத்தா என்ன ஆகும். எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுட்டா அன்னிக்கு பதட்டத்துல டிசின்னு கத்த வேண்டியதில்ல. நாங்க கத்துனதெல்லாம் பதட்டத்துலதான்.

வக்கீல்_ஈரோடு

வார்டன் ஐயா சொன்னது பிரமாதம். எழுதுறப்ப "போதை" "அடிமை"ங்கிற வார்த்தையே வேணாம், "மருத்துவ ஓய்வுக்கு பின் படிப்பை தொடர்தல்"னு போடுங்க, நாளைக்கு யார் ஃபைல திறந்தாலும் ஒண்ணும் தெரியாது. யாருக்கெல்லாம் விஷயம் தெரியலாம்னு அவனே எழுதி கையெழுத்து போடட்டும், மூணு பேருக்கு மேல வேணாம். பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு யுனிவர்சிட்டில முறைப்படி பர்மிஷன் வாங்கிருங்க, அத விட்டுட்டா ஜனவரில ரீ-அட்மிஷன் அப்ப ஆபீஸ்ல "யாரக் கேட்டு நின்ன"ன்னு ஆரம்பிப்பாங்க.

அட்வைசர்_கோவை

நேத்து பையன் அப்பாகூட வந்திருந்தான். கேன்டீன்ல உக்காந்து பேசுனோம். நிமிந்தே பாக்கல, டீ கிளாஸையே சுத்திட்டு இருந்தான். "உனக்கு என்னப்பா வேணும்"னு கேட்டதுக்கு "சார், கிளாஸ்ல பசங்க கேட்டா மஞ்சக்காமாலைன்னு சொல்லிருக்கேன், நீங்களும் அப்படியே சொல்லிருங்க"ன்னான். சரின்னுட்டேன்.

நவம்பர்ல அவனுக்கு மேத்ஸ் அரியர் ஒண்ணு இருக்கு, அத எழுதணும், அதுக்கு வாரத்துல மூணு நாள் சாயங்காலம் லைப்ரரிக்கு வரட்டும், நான் ஆறு மணி வரைக்கும் டிபார்ட்மென்ட்ல இருப்பேன். பகல்ல அவங்கப்பா வேலை பாக்குற ஃபவுண்டரியிலயே பேட்டர்ன் ஷாப்ல வேலை கேட்டு வெச்சிருக்காரு. தம்பி சொன்ன மாதிரி சம்பளம் அம்மா அக்கவுண்ட்டுக்கு, அத நான் சொல்றதுக்கு முன்னாடியே பையனே கேட்டுட்டானாம். பிரின்சிபால் மேடைய விட்டுட்டாரு. யூரின் டெஸ்ட்ட விடல, "பாக்கலாம்"னு நிறுத்தியிருக்காரு, ஃபாலோ அப் அட்டைய காட்டி பேசிப் பாக்கணும். ஜனவரில ஹாஸ்டல் ரூம், ஃபைனல் இயர் விங்ல கேட்டிருக்கேன். வார்டன் கமிட்டி இன்னும் ஓகே சொல்லல.

மாடிரூம்_பையன்

ரேவு அக்கா ஒரு கேள்வி. நான் முன்னாடி சொன்னேன்ல பாத்ரூம்ல தண்ணி ஊத்துன மேட்டர். அந்த மாதிரி திரும்ப ஆச்சுன்னா என்ன பண்ணணும்? யார்கிட்டயும் கேக்க முடியல, கேட்டா நீ போடுறியாம்பாங்க.

சோசியல்ஒர்க்கர்_ரேவு

நல்ல கேள்வி, கேட்டதுக்கு நன்றி. தோள உலுக்கி சத்தமா பேர் சொல்லி கூப்புடு. எந்திரிக்கலைன்னா, மூச்ச பாரு. ரொம்ப மெதுவா விட்டு விட்டு வருதா, தொண்டைல கொறட்ட மாதிரி கொளகொளன்னு சத்தம் வருதா, ஒதடு நகம் நீலம் பூக்குதா, உடனே 108. கொறட்டைய கேட்டு "நல்லா தூங்குறான்"னு விட்டுத்தான் நெறைய உயிர் போயிருக்கு.

108 வர்ற வரைக்கும் ஒருக்களிச்சு படுக்க வை, மேல் காலு முட்டிய மடக்கி முன்னாடி குடு, அப்பதான் வாந்தி வந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போகாது. மூச்சே நின்னுட்டா 108-ல போன்லயே சொல்லித்தருவாங்க, ஸ்பீக்கர்ல போட்டு அவங்க சொல்றபடி செய். தண்ணி ஊத்தாத, நடக்க வைக்காத, உப்புத் தண்ணி, மோரு, காபி எதையும் வாயில ஊத்தாத. தனியா விட்டுட்டு போகாத. என்ன போட்டான்னு தெரிஞ்சா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு, காலி அட்டை கெடந்தா எடுத்துட்டு போ. இந்த வலி மாத்திரை வகைக்கு முறிவு மருந்து ஆஸ்பத்திரில இருக்கு, நேரத்துக்கு போனா எந்திரிச்சு உக்காருவான். கூடவே சரக்கோ தூக்க மாத்திரையோ சேத்திருந்தா இன்னும் சீக்கிரம் போகணும்.

மாடிரூம்_பையன்

ஓகே அக்கா. இத எங்க ஃப்ளோர் குரூப்ல போடலாமா?

சோசியல்ஒர்க்கர்_ரேவு

தாராளமா. தண்ணி ஊத்தாத, காபி ஊத்தாதங்கிறத மட்டும் மேல கொண்டு வந்து போடு, முழுசா எவனும் படிக்க மாட்டான்.